உறைக்குள் பெயர் இருக்கட்டும், காரணம் வெளியே வரட்டும்

திருவாரூரை அடுத்த நீலக்குடியில், வெட்டாற்றங்கரையில், நெல்வயல்களுக்கு நடுவே 500 ஏக்கருக்கும் மேலான பரப்பில் இருக்கிறது தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். 2009-ஆம் ஆண்டு மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பிள்ளையை அங்கே சேர்க்க நினைக்கும் குடும்பம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று: என்னென்ன படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வு எப்படி, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா. அங்கே பாடம் நடத்துபவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார், அதற்கு மேல் எப்படி உயர்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் முதல் மூன்று கேள்விகளின் பதிலும் கடைசியில் இந்த நான்காவதில்தான் வந்து நிற்கிறது. பாடத்திட்டத்தை வகுப்பவர்கள், ஆய்வு மாணவரைத் தேர்ந்தெடுப்பவர்கள், நாளைய ஆசிரியரை நேர்முகத்தில் உட்கார்ந்து மதிப்பிடுபவர்கள் எல்லாரும் மூத்த பேராசிரியர்களே. அவர்களை உயர்த்தும் முறையின் உச்சிப் படியில் ஒரு மூடிய உறை இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரகசிய மதிப்புரை நம் பல்கலைக்கழகங்களுக்கு அவசியம் வேண்டும் என்பதும், ஆனால் அந்த ரகசியம் எதை மறைக்க வேண்டுமோ அதை மட்டுமே மறைக்க வேண்டும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் படிகளைப் பார்த்துவிடலாம். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், அதற்கும் மேல் முதுநிலைப் பேராசிரியர் என்று ஏணி போகிறது. காலியிடம் வரும்வரை காத்திருக்காமல், பணியாண்டும் தகுதியும் நிறைந்தவர் மேலே போக வழிசெய்வதுதான் ஆசிரியர்கள் பேச்சில் 'கேஸ் புரமோஷன்' என்று சொல்லும் பணி முன்னேற்றத் திட்டம். 2018 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., வெளியிட்ட விதிமுறைகள்தான் இதற்கு அடிப்படை. இணைப் பேராசிரியர் ஒருவர் பேராசிரியராக உயர, குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகளும் 110 ஆய்வுப் புள்ளிகளும் வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. அதுவரை கணக்கு எண்ணிக்கையில் நடக்கிறது. முதுநிலைப் பேராசிரியர் என்ற கடைசிப் படியில் மட்டும் விதியின் குரலே மாறிவிடுகிறது. பேராசிரியராகப் பத்தாண்டு பணியாற்றியிருக்க வேண்டும். தன் மிகச் சிறந்த பத்துக் கட்டுரைகளை எடுத்துவைக்க வேண்டும். முதுநிலைப் பேராசிரியர்களாகவோ பத்தாண்டு அனுபவமுள்ள பேராசிரியர்களாகவோ இருக்கும் மூன்று வல்லுநர்களிடமிருந்து சாதகமான மதிப்புரை வர வேண்டும். அதன்பிறகு தேர்வுக் குழுவைச் சந்திக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் இடங்களில் பத்து சதவிகிதம் வரைதான் இந்தப் பதவி. கீழே எத்தனை கட்டுரை என்று எண்ணிக்கொண்டிருந்த விதி, உச்சியில் வந்து, கட்டுரையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. எண்ணுவதற்கு ஒரு குமாஸ்தா போதும், படித்துச் சொல்வதற்கு அந்தத் துறையை அறிந்த ஆள் வேண்டும். அதனால்தான் வெளியாரிடம் மதிப்புரை கேட்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை ஏன் போதாது என்று புரிந்துகொள்ள அந்தப் புள்ளிக் கணக்கைக் கிட்டே போய்ப் பார்த்தால் போதும். அறிவியல் துறையில் ஒரு கட்டுரைக்கு அடிப்படைப் புள்ளி 8. மொழி, வரலாறு போன்ற துறைகளில் 10. கட்டுரை வந்த இதழின் தாக்கக் குறியீடு ஏற ஏறப் புள்ளியும் ஏறும். மூன்று பேர் சேர்ந்து எழுதினால் முதன்மை ஆசிரியருக்கு 70 சதவிகிதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 சதவிகிதம். இந்தக் கணக்கில் எங்கேயும் யாரும் கட்டுரையைத் திறந்து படிக்க வேண்டிய அவசியமே வராது. கடைமடையில் உவர்நீர் ஏறுவதைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புள்ளி போடுபவர் இதழின் பெயரையும், ஆசிரியர் பெயர்கள் வரிசையில் இவர் எத்தனையாவது என்பதையும் பார்ப்பார். விஷயம் தெரிந்தவர் அதே கட்டுரையைக் கையில் எடுத்தால் கேட்பது வேறு: எத்தனை கிணறுகளில் நீர் எடுத்தார்கள், எந்த மாதத்தில் எடுத்தார்கள், மேட்டூர் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தபோதா, கோடையில் தரை வெடித்துக் கிடந்தபோதா, ஒரே ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு பத்தாண்டுப் போக்கைச் சொல்லிவிட்டார்களா? இரண்டு பேரும் ஒரே தாளைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஆய்வின் தரம் இரண்டாமவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

புள்ளி முறை என்ன விளைவைத் தந்தது என்பதற்கும் பொதுவெளியில் சான்று இருக்கிறது. 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை ஒரேயடியாக நீக்கியது. தரக்குறைவு, தவறான அல்லது போதாத தகவல், பொய்யான உரிமைகோரல் ஆகியவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். நீக்கும் நாள் வரை அந்தப் பட்டியலில் இருந்த இதழில் கட்டுரை போட்டவர் புள்ளி வாங்கிக்கொண்டிருந்தார். காசு கொடுத்தால் சில நாட்களில் கட்டுரையை அச்சேற்றித் தரும் வியாபாரம் நாடு முழுக்கத் தழைத்ததற்கு இந்தப் பட்டியல் ஆட்சி ஒரு முக்கியக் காரணம். அடுத்து 'கேர்' என்ற புதுப் பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் யு.ஜி.சி. கைவிட்டது. 2025 ஜனவரியில் வெளியான புதிய வரைவு விதிகள் புள்ளி முறையையே விட்டுவிட்டு, குறிப்பிடத்தக்க பங்களிப்புகளை எடைபோடும் முறைக்குப் போகலாம் என்றன. துணைவேந்தர் நியமனத்தில் மாநிலத்தின் உரிமையைப் பறிக்கிறது என்று தமிழ்நாடு சட்டமன்றம் அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அது தனி வழக்கு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எண்ணுவதை விட்டு எடைபோடுவதற்கு மாறினால், எடைபோடும் தராசு ஒழுங்காக இருந்தாக வேண்டும். அந்தத் தராசு வெளியார் எழுதும் மதிப்புரை.

வெளியார் ஒருவர் படித்துச் சொன்னதால் ஒரு வாழ்க்கையே திரும்பியதற்கு டெல்டாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அவர் கதை அங்கேயே முடிந்துவிட்டது. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் இருந்த கணித அறிஞர் ஹில்லுக்கு அவருடைய வேலையை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். ஹில் எழுதிய பதில் வெறும் பாராட்டாக வரவில்லை. விரிதொடர்களைக் கையாள்வதில் ராமானுஜன் சறுக்கியிருக்கிறார் என்று தவறைக் காட்டினார், கணிதத்தில் அவருக்கு நாட்டமும் திறனும் உண்டு என்றார், எந்த நூலைப் படித்தால் அந்தத் தவறு விலகும் என்றும் சொன்னார். 1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் துறைமுகக் கழகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், பார்த்த மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் கடிதமும் வந்தது. பட்டமே பெறாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு ஆய்வு உதவித்தொகை தர அந்தப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. விதிப்படி அவருக்குத் தகுதி இல்லை. ஆனாலும் படித்தவர்கள் காரணத்தோடு எழுதியிருந்தார்கள், நிர்வாகம் அந்தக் காரணத்தைக் கேட்டது. ஒரு மேதையின் கதையை வைத்து எல்லாருக்கும் பொது விதி எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் ஹில்லின் கடிதம் எப்படிப்பட்டது என்பதை வைத்து, நல்ல மதிப்புரை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதலாம். அது குறையைக் குறையென்றும் நிறையை நிறையென்றும் சொல்லி, இரண்டுக்கும் காரணம் காட்ட வேண்டும்.

அப்படியொரு கடிதம் வருமா வராதா என்பது பெரும்பாலும் கேட்கிற விதத்தைப் பொறுத்தது. வல்லுநருக்குப் போகும் கட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒரு முகப்புக் கடிதம், விண்ணப்பித்தவரின் தன்விவரம், பத்துக் கட்டுரைகளின் நகல், திருப்பி அனுப்ப வேண்டிய தேதி ஆகியவை இருக்கும். உயிர் முகப்புக் கடிதத்தில் இருக்கிறது. இவர் இந்தப் பதவிக்குத் தகுதியானவரா என்று மட்டும் கேட்டால், மிகவும் தகுதியானவர், பரிந்துரைக்கிறேன் என்று நாலு வரியில் பதில் வரும். அந்த நாலு வரியை எழுதப் பத்துக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை. கேள்வியைப் பிரித்துக் கேட்டால் பதிலும் பிரிந்து வரும். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், இவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறீர்களா, இவருடைய நெறியாளராகவோ மாணவராகவோ உறவினராகவோ இருக்கிறீர்களா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இந்தப் பத்தில் துறையை ஓர் அடியாவது நகர்த்திய கட்டுரை எது, ஏன் என்பது இரண்டாவது. எங்கே உங்களுக்கு உடன்பாடில்லை, சான்று எங்கே மெலிந்திருக்கிறது என்பது மூன்றாவது. பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இவருடைய கை எங்கே தெரிகிறது என்பது நான்காவது. எது உங்கள் புலமைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லவும் இடம் கொடுக்க வேண்டும். படிக்கப் போதுமான அவகாசமும் உழைப்புக்கு உரிய மதிப்பூதியமும் தர வேண்டும். 2018 விதியில் 'சாதகமான மதிப்புரை' என்று எழுதியிருக்கிறதே தவிர, அந்த மூவரை யார் தேர்ந்தெடுப்பது, அவர்களிடம் என்ன கேட்பது என்று அந்த வரி சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் நடைமுறையால் நிரப்பியாக வேண்டும். நிரப்பாவிட்டால், சாதகமாக எழுதுவார் என்று தெரிந்தவரிடமே கட்டு போய்ச் சேரும்.

சரி, இதில் ரகசியம் எதற்கு? நம் மரபில் அரங்கேற்றம் என்று ஒன்று இருக்கிறது. புலவர் தன் நூலை அவையில் வைப்பார், அறிஞர்கள் எல்லார் முன்னிலையிலும் ஆட்சேபம் எழுப்புவார்கள், புலவர் விடை சொல்வார். அப்படித் திறந்த அவையில் நடந்ததை ஏன் இன்றைக்கு உறைக்குள் போட வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மரபிலேயே நாம் மிகவும் கொண்டாடும் மதிப்புரையாளர் நக்கீரர். எதிரே நிற்பது யார் என்று தெரிந்தபிறகும் பாட்டிலிருந்த குற்றத்தைக் குற்றமென்று முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கு அவர் கொடுத்த விலையையும் அதே திருவிளையாடல் கதை சொல்கிறது: நெற்றிக்கண்ணின் வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் போய் விழுந்தார். நக்கீரரை நாம் போற்றுவதே அவரைப் போல் நடப்பவர்கள் அரிது என்பதால்தான். ஒரு நிறுவனம் எல்லாரும் நக்கீரராக இருப்பார்கள் என்று நம்பித் தன் நடைமுறையை அமைக்க முடியாது. இன்று மதிப்புரை எழுதுபவரின் மாணவருடைய ஆய்வேடு நாளைக்கு, மதிப்பிடப்பட்டவரிடமே மதிப்பீட்டுக்குப் போகலாம். எழுதியவருடைய ஆய்வுத் திட்டத்துக்கு நிதி தரும் குழுவில் அவர் உட்காரலாம். துறையில் இருப்பவர்களே சிலர் என்னும்போது, கருத்தரங்குகளில் மறுபடி மறுபடி முகம் பார்த்தாக வேண்டும். பெயர் வெளியே தெரியும் என்றால் மனசாட்சியுள்ளவர்களே வார்த்தையை மென்று விழுங்குவார்கள். மென்று விழுங்கிய வார்த்தையால் கெடுவது பல்கலைக்கழகம், அதற்குப் பிறகு அங்கே படிக்க வரும் பிள்ளைகள்.

ஆனால் இருட்டு நேர்மையாளனுக்கு மட்டும் துணை நிற்பதில்லை, பழிதீர்ப்பவனுக்கும் அதுவே துணை. 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரைபக் வழக்கை நம் சட்டக் கல்லூரிகளில் இன்றும் முதல் பாடங்களில் ஒன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ஜம்மு காஷ்மீரில் வனப்பணிக்கான தேர்வுக் குழுவில் இருந்த ஓர் அதிகாரி, அதே பதவிக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருவராகவும் இருந்தார். தன் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது அவர் குழுவில் பங்கெடுக்கவில்லை. இருந்தும் அந்தத் தேர்வுப் பட்டியலை நீதிமன்றம் ரத்து செய்தது. போட்டியாளர்களை எடைபோடும்போது அவர் இருந்தாரே என்பதுதான் கேள்வி. ஒருதலைப்பட்சம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நடக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்று வகுத்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து வார்ட்டன் வணிகப் பள்ளியில் இருந்த ரோசலி டங் என்ற பேராசிரியருக்கு 1985-இல் நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. துறையின் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் தன்னை ஆதரித்தும், தன்னிடம் தவறாக நடந்த துறைத்தலைவர் எதிராகக் கடிதம் அனுப்பினார் என்றும், தான் பெண்ணாகவும் சீன வழியில் வந்தவராகவும் இருப்பதால் பாரபட்சம் காட்டப்பட்டது என்றும் அவர் புகார் செய்தார். ரகசிய மதிப்புரைகளைக் காட்ட மாட்டோம், காட்டினால் இனி யாரும் உண்மை எழுத மாட்டார்கள் என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. 1990 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளியது. பாரபட்சத்தை விசாரிக்கும் அமைப்பிடமிருந்து ஒளித்துவைக்கும் தனிச்சலுகை பல்கலைக்கழகத்துக்கு இல்லை என்றது. இந்த இரண்டு வழக்கும் வேறு வேறு நாடு, வேறு வேறு சட்டம். ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் யார் உட்கார்ந்தார், எந்தக் காரணத்துக்காகச் சொன்னார் என்பதை யாருமே பார்க்க முடியாவிட்டால் அநியாயத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அப்படியானால் ரகசியமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்பது முரண்பாடு இல்லையா? இல்லை. நம் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து வந்த மூன்று தீர்ப்புகளில் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. 2008-இல் தேவ் தத் வழக்கு. ஒரு பொறியாளரின் ஆண்டு ரகசிய அறிக்கையில், அதாவது சி.ஆர். என்று அலுவலகங்களில் சொல்வதில், 'நன்று' என்று குறிப்பு இருந்தது. பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும். அந்தக் குறிப்பை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நல்லதோ கெட்டதோ, எந்தக் குறிப்பாக இருந்தாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கு. மாணவர் தன் திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் திருத்தியவர் யார் என்ற விவரத்தை மறைத்துவிட்டுத்தான் தர வேண்டும் என்றது. 2012-இல் பிகார் பணியாளர் தேர்வாணைய வழக்கு. நேர்முகம் நடத்தியவர்களின் பெயரையும் முகவரியையும் தர வேண்டியதில்லை, அது அவர்களுக்கு ஆபத்தாகலாம் என்றது. இவை மூன்றும் பேராசிரியர் பதவி உயர்வைப் பற்றிய வழக்குகள் அல்ல. ஆனால் சேர்த்துப் படித்தால் பாதை தெளிவாகத் தெரிகிறது. மதிப்பிட்டவரின் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு, மதிப்பீட்டை அறிய உரியவருக்கு உரிமை உண்டு. திருவாரூர்க்காரர்களுக்கு இதை ஆழித்தேரை வைத்தே சொல்லிவிடலாம். 96 அடி உயரத் தேர் நாலு வீதியிலும் திரும்புவது வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகளால் மட்டும் அல்ல, சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுபவர்களாலும்தான். அவர்கள் பெயர் கூட்டத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் கட்டையை எங்கே வைத்தார்கள், தேர் எந்தப் பக்கம் திரும்பியது என்பது வீதியில் நிற்கும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மதிப்புரையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

காரணத்தைக் காட்டுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கடுமையாக எழுத மாட்டார்கள் என்பது இதற்கு வரும் முதல் ஆட்சேபம். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 1990 தீர்ப்புக்குப் பின்னும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளியார் மதிப்புரையைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன, அறிஞர்களும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கடிதத் தலைப்பையும் கையெழுத்துப் பகுதியையும் நீக்கிவிட்டு, மதிப்புரையின் உடற்பகுதியை விண்ணப்பித்தவரே பார்க்கலாம். இப்படிக் காட்டப்படும் என்று எழுதுபவருக்கு முதலிலேயே தெரிவித்தும் விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் முனைவர் பட்ட முறையைப் பார்த்தாலே போதும். நெறியாளரைத் தவிர வெளித் தேர்வாளர்கள் குறைந்தது இருவர் ஆய்வேட்டைப் படித்து அறிக்கை தருகிறார்கள். அவர்கள் எழுப்பிய குறைகளுக்கு மாணவர் வைவாவில் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்கிறார். இருபத்தைந்து வயது மாணவரின் ஆய்வேட்டுக்குக் காரணம் காட்டி எழுத முடிகிற நாட்டில், ஐம்பது வயதுப் பேராசிரியரின் ஆய்வுக்கு எழுத முடியாது என்று சொல்ல என்ன இருக்கிறது? தவிர, தன் பெயர் வெளிவராது என்ற உறுதி இருக்கும்போது, காரணம் வெளிவரும் என்பது எழுதுபவரை மிரட்டாது, பொறுப்போடு எழுத வைக்கும். காரணம் சொல்ல முடியாத கடுமையை இழப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அதை எழுப்புபவர்கள் பெரும்பாலும் தங்கள் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்து ஆசிரியரானவர்கள். புள்ளியில் ஆயிரம் குறை இருந்தாலும் அது சாதி பார்க்காது, முகம் பார்க்காது, எந்த ஊர், யாருடைய மாணவர் என்று கேட்காது; பெரிய இடத்து வல்லுநர்களின் அபிப்பிராயத்தில் எங்களை விட்டால் பழைய வட்டங்கள்தான் மறுபடி ஆளும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. ஆனால் இரண்டு விஷயங்களை அவர்கள் முன் வைக்க வேண்டும். முதலாவது, புள்ளிகூட எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. தாக்கக் குறியீடு உயர்ந்த இதழில் இடம்பிடிக்க நல்ல ஆய்வகமும் ஆங்கிலப் பயிற்சியும் தொடர்பும் வேண்டும். தமிழில், டெல்டா மண்ணைப் பற்றி, ஆழமாக ஆய்ந்து எழுதியவருக்கு அந்தக் கூடுதல் புள்ளி வராது. அவர் மதிப்பு யாரேனும் படித்தால்தான் தெரியும். இரண்டாவது, பாரபட்சத்துக்கு மிக வசதியான இடம் எழுத்துக் கடிதம் அல்ல, சில நிமிட நேர்முகம். அங்கே பார்வையும் தொனியும் கோப்பில் ஏறாது, கேள்வி கேட்கவும் முடியாது. காரணத்தோடு எழுதிய இரண்டு பக்கம் கையில் இருந்தால் அதை மறுத்து இரண்டு பக்கம் எழுதலாம், மேல்முறையீட்டில் காட்டலாம், நீதிமன்றத்தில் வைக்கலாம். அதனால் எண்ணிக்கையை வாசற்படியாக வைத்துக்கொள்ளட்டும். தேர்வுக் குழுவில் பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் தரப்புப் பிரதிநிதி இருக்க வேண்டும் என்ற இன்றைய விதியின் நோக்கம் வல்லுநர் பட்டியலைத் தயாரிக்கும் கட்டத்துக்கும் நீளட்டும். காரணம் வெளியே வர வேண்டும் என்ற கோரிக்கை யாருக்கேனும் அதிகம் தேவையென்றால், அது பின்னால் ஆள்பலம் இல்லாதவருக்குத்தான்.

துறை சிறியது, பெயரை நீக்கினாலும் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது மூன்றாவது ஆட்சேபம். கல்வெட்டியல், சுவடியியல் போன்ற துறைகளில் இது உண்மைதான். அதற்கு மருந்து வட்டத்தை அகலப்படுத்துவது. தமிழ் ஆய்வுக்கு யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் படித்துச் சொல்ல ஆளிருக்கிறது. கல்வெட்டு அறிஞரின் வேலையை மொழியியலாளரும் பொருளாதார வரலாற்றாளரும் தங்கள் பக்கத்திலிருந்து எடைபோடலாம். விண்ணப்பித்தவர் சில பெயர்களைச் சொல்லலாம், தனக்கு எதிர்ப்பானவர் என்று ஓரிருவரைக் காரணத்தோடு விலக்கக் கேட்கலாம். துறைக்கு வெளியே உள்ள குழு ஒன்று மீதிப் பெயர்களைத் தேடி, யார் யாரிடம் கேட்டோம், யார் மறுத்தார்கள், ஏன் இவர்களைத் தேர்ந்தோம் என்று கோப்பில் எழுதிவைக்கலாம். மூவர் கருத்து வேண்டுமென்றால் ஐவரிடம் கேட்டு, வந்த எல்லாக் கடிதத்தையும் குழுவின் முன் வைக்க வேண்டும். பாதகமானதை ஒதுக்கிவிட்டுச் சாதகமான மூன்றைப் பொறுக்குவது கூடாது. ஏழு பாராட்டுக்கு நடுவே ஒரு குறை இருந்தால் அந்தக் குறைக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு விண்ணப்பித்தவருக்குத் தர வேண்டும். ஹில் காட்டிய தவறு ராமானுஜனின் கதவை அடைத்துவிடவில்லை, அடுத்து என்ன கற்க வேண்டும் என்று காட்டியது. குறை சொல்லும் கடிதத்துக்கும் கதவடைக்கும் கடிதத்துக்கும் வித்தியாசம் தெரிந்த குழுதான் மதிப்புரை கேட்கத் தகுதியுள்ள குழு.

பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் ஒரு பதவிக்கு இத்தனை பாடா என்று கடைசியாகக் கேட்கலாம். அந்த ஒருவர் அதோடு நிற்பதில்லை. முதுநிலைப் பேராசிரியர் என்ற தகுதியாலேயே அடுத்து வருபவர்களுக்கு மதிப்புரை எழுதும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. இன்று தவறாக உயர்ந்தவர் நாளைக்குத் தவறாக உயர்த்துவார். இன்று நியாயமாக மதிப்பிடப்பட்டவருக்கு நியாயமான மதிப்பீடு எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கும். விதைநெல் போலத்தான் இது. விதையில் கலப்பு இருந்தால் ஒரு போகத்தோடு போகாது என்பதை இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன நடைமுறைக்கு டெல்லியிலிருந்து புது விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முகப்புக் கடிதத்தில் என்ன கேட்பது, பெயர்களை எப்படித் தேடுவது, காரணத்தை எப்படித் தெரிவிப்பது என்பதையெல்லாம் ஒரு பல்கலைக்கழகம் தன் கல்விக் குழுவிலும் ஆட்சிக் குழுவிலும் வைத்து முடிவு செய்து, தன் இணையதளத்தில் எல்லாரும் படிக்கப் போடலாம். நீலக்குடியில் இருப்பது போன்ற இளம் பல்கலைக்கழகங்களுக்கு இதில் வசதி அதிகம், ஏனென்றால் இறுகிப்போன வழக்கங்கள் அங்கே குறைவு. உயர்வு கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் ஒரே மாதிரி, பெயர் நீக்கிய அந்தப் பக்கங்கள் கையில் வந்து சேர வேண்டும். கிடைக்காதவர் அதைப் படித்துவிட்டு, இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இவர் என் கட்டுரையைப் படித்திருக்கிறார் என்று சொல்ல முடிந்தால் போதும். அந்தப் பல்கலைக்கழகத்தை நம்பிப் பிள்ளையை அனுப்பலாம்.